பழைய வண்டிக்குப் புதிய விசிறி

பாடசாலை அதிபர் ஒருவர் மோட்டார் வண்டியின் விசிறியைப் பற்றி வானொலியிலே பேச வந்தது எதற்காக என்று உங்களுட் சிலர் வியக்கக்கூடும். நான் கலைப் பட்டதாரி. முப்பது ஆண்டுகளாக வரலாறு கற்பித்து வருபவன். யந்திரவியலில் எனக்குப் பட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை. எனினும், என் தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் பிக்கப் வண்டி ஒன்று எங்கள் வீட்டு முற்றத்தில் இன்றும் நிற்கின்றது. 1953ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்திலே செய்யப்பட்டு, நம் நாட்டுத் தெருக்களிலும் தோட்டங்களிலும் பல்லாண்டு உழைத்த இனத்தைச் சேர்ந்தது அது. வெங்காயமும் உரமும் ஏற்றிய அந்த வண்டி, முதிர்ந்த வயதில் எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

2020ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் நம் நாட்டிற்கு வாகனங்கள் இறக்குமதியாவது நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டு மாசி மாதத்திலேதான். இடைப்பட்ட காலத்தில், ஒதுக்கி வைத்திருந்த பழைய வண்டிகள் பலவற்றைத் தூசி தட்டித் தெருவுக்குக் கொண்டுவந்தோம். ஆனால் அவை பிறந்த நாட்டுக் குளிரும், ஓடிப் பழகிய காலத்து வெறுந்தெருக்களும் இன்று அவற்றுக்கு இல்லை. நகரத்து நெரிசலில் மணிக்கணக்காக ஊர்ந்து செல்லவேண்டிய நிலையில், அவற்றுட் பல கொதித்துப்போய் நிற்கின்றன.

என் வண்டியும் அவ்வாறு நின்றது. 2023ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே, அயல்வீட்டு ஆச்சியை யாழ்ப்பாண நகரத்து ஆசுபத்திரிக்கு இருதய நோய்ச் சிகிச்சைக்காக அழைத்துச் சென்றேன். மகள் முன்னரே பேருந்தில் சென்று, இலக்கம் எடுத்துக் காத்திருந்தார். நெல்லியடியைக் கடந்து வல்லை வெளியிலே செல்லும்போது வண்டி காற்றாய்ப் பறந்தது. கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு என்று ஊர்கள் கழிந்தன. யாதொரு குறையும் இல்லை. நகரத்துக்குள் நுழைந்து, கஸ்தூரியார் வீதி நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரத் தொடங்கியபின், எஞ்சின் மூடியின் இடுக்குகளால் வெள்ளை ஆவி கிளம்பிற்று. இவ்வகை வண்டிகளில் வெப்பநிலை காட்டும் மானியைச் செய்தவர்கள் பொருத்தவில்லை. ஆகையால் ஆவியைக் கண்ட பின்னரே செய்தி தெரிந்தது.

"தம்பி, உன்ரை வண்டிக்கும் என்னைப்போல மூச்சு முட்டுது" என்றார் ஆச்சி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிறிது நேரத்தில் அச்சிரிப்பு மறைந்தது. உச்சி வெயில், அசையாத தகரக் கூடு, அருகிலே கொதிக்கும் எஞ்சின். அவருக்கு வியர்த்துக் கொட்டித் தலை சாய்ந்தது. முகம் அறியாத முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் அவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு ஒழுங்கையால் விரைந்தார். ஆச்சி பிழைத்துக்கொண்டார். ஆயினும் அன்று மாலை நான் எனக்குள்ளே கேட்ட கேள்வி இது: நீண்ட வெளியிலே குளிர்ந்து ஓடிய வண்டி, நகரத்துத் தெருவிலே கொதித்தது ஏன்?

விடை எளிது. எஞ்சினுள்ளே எரிபொருள் எரிவதால் உண்டாகும் வெப்பத்தை நீர் ஏந்திக்கொண்டு முன்புறத்திலுள்ள றேடியேற்றருக்குச் செல்கின்றது. அங்கே மெல்லிய குழாய்களின் வழியே இறங்கும்போது காற்றுப் பட்டுக் குளிர்கின்றது. குளிர்ந்த நீர் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகின்றது. வண்டி விரைந்து ஓடும்போது எதிர்க்காற்றே போதும். விசிறிக்கு வேலை சிறிது. வண்டி நிற்கும்போதுதான் விசிறி வேண்டும்.

பழைய வண்டிகளில் அந்த விசிறி நீர்ப்பம்பியின் அச்சிலே பொருத்தப்பட்டு, எஞ்சின் சுழற்றும் வார்ப்பட்டியினால் சுழல்கின்றது. அதாவது எஞ்சின் விரைந்தால் விசிறியும் விரையும். எஞ்சின் தளர்ந்தால் விசிறியும் தளரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலே என் வண்டியின் எஞ்சின் நிமிடத்திற்கு 2500 தடவைக்கு மேல் சுழல்கின்றது. அப்போது விசிறி புயல்போல வீசும். ஆனால் அக்காற்று அப்போது தேவையில்லை. நெரிசலிலே நிற்கும்போது எஞ்சின் ஏறக்குறைய 700 தடவைதான் சுழல்கின்றது. காற்று மிக வேண்டிய அந்த வேளையில் விசிறி சோம்பி அசைகின்றது. வேண்டாதபோது வாரி வழங்கி, வேண்டும்போது கையை விரிக்கும் கொடையாளியைப் போன்றது அது.

இன்னொன்றும் உண்டு. விசிறியின் வேகம் இரு மடங்கானால், அதனைச் சுழற்ற வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். வேகம் மும்மடங்கானால் சக்தி இருபத்தேழு மடங்காகும். ஆகவே வெறுந்தெருவில் ஓடும்போது, பயனில்லாத காற்றுக்காக எஞ்சின் தன் வலுவிற் சிறிதைச் செலவிட்டுக்கொண்டிருக்கின்றது. மின்விசிறிக்கு இக்குறைகள் இல்லை. அது எஞ்சினின் வேகத்தைப் பாராது, நீரின் வெப்பத்தைப் பார்த்தே சுழலும். எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சில்லுகளை ஓட்டும் கார்கள் பெருகியபோது, எஞ்சினின் வார்ப்பட்டி முன்புறத்து றேடியேற்றரை நேரே எட்டமுடியாது போயிற்று. மின்விசிறி எங்கும் பரவியதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

இவற்றை அரைகுறையாக அறிந்துகொண்டு, நான் அவசரப்பட்டேன். உடைத்து விற்கப்பட்ட யப்பானியக் கார் ஒன்றின் மின்விசிறியை வாங்கி, ஒரு வேலைத்தலத்திலே பொருத்துவித்தேன். பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, புதியதன் கம்பியைச் சாவித் துவாரத்தின் பின்னாலிருந்து இழுத்து, சாதாரணச் சுவிட்ச் ஒன்றினால் இணைத்தார்கள். மூன்றாம் நாள் இரவு, விளக்குகளும் விசிறியும் சேர்ந்து எரிய, கம்பி உருகி மணந்தது. விசிறி நின்றது; நீர் மறுபடியும் கொதித்தது. முன்பு ஒரு குறையோடு இருந்த வண்டி இப்போது இரு குறைகளோடு நின்றது.

அதன்பின்னரே எங்கள் ஊரிலுள்ள முதிய திருத்துநர் ஒருவரிடம் சென்றேன். 1990களிலே, எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். அவர் விசிறியைப் பார்க்கவே இல்லை. குளிர்ந்திருந்த றேடியேற்றரின் மூடியைத் திறந்து உள்ளே நோக்கியபின், "மாஸ்ரர், காய்ச்சல்காரனுக்கு விசிறி வீசினால் காய்ச்சல் மாறுமோ?" என்று கேட்டார்.

உள்ளே வெண்படலம் படிந்திருந்தது. நம் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. ஆதலால் நம் கிணற்று நீர் கடினமானது. தேநீர்க் கேத்தலின் அடியிலே படியும் வெள்ளைப் பொருக்கை இல்லத்தரசிகள் அறிவார்கள். கேத்தலிற் படிவதே றேடியேற்றரிலும் படிகின்றது. ஆண்டாண்டாக நான் கிணற்று நீரையே வாளியால் ஊற்றிவந்தேன். குழாய்களிற் பல அடைபட்டிருந்தன. எஞ்சினை ஓடவிட்டுச் சூடேறியபின் நிறுத்தி, றேடியேற்றரின் முகத்தைக் கவனமாகத் தடவிப் பார்த்தபோது சில இடங்கள் சுட்டன. சில இடங்கள் குளிர்ந்திருந்தன. குளிர்ந்த இடமே அடைபட்ட இடம்.

ஆகவே, வண்டி கொதிக்கின்றது என்று விசிறியை மாற்ற நினைக்கும் எவரும் முதலிலே செய்யவேண்டிய சோதனைகள் சில உண்டு. றேடியேற்றர் உள்ளே அடைபட்டிருக்கின்றதா? அதன் தகட்டு இடுக்குகளிலே தூசியும் பூச்சியும் செறிந்திருக்கின்றனவா? வார்ப்பட்டி தளர்ந்துள்ளதா? இறப்பர்க் குழாய்கள் நைந்துள்ளனவா? எரிபற்றல் நேரம் பிந்தியுள்ளதா? மூடியின் இறப்பர் வளையம் நன்றாக உள்ளதா? மூடியைச் சிறு பொருளென்று எண்ணலாகாது. சதுர அங்குலத்திற்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும் மூடியின் கீழ், நீர் 100 பாகையிற் கொதியாமல் ஏறத்தாழ 111 பாகை செல்சியஸ் வரை தாங்கும். வளையம் கெட்டால் அந்தப் பதினொரு பாகையும் போய்விடும். இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை: சூடாயிருக்கும் றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். அமுக்கம் நீங்கிய கணத்திலே கொதிநீர் முகத்திற் பாயும்.

வெப்பநிலைக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் தேர்மோஸ்ராற் என்னும் வால்வை, நம் வெப்ப நாட்டிற்கு வேண்டாமென்று கழற்றி எறியும் வழக்கமும் உண்டு. இது தவறு. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் ஓடினால் எரிபொருள் வீணாகும், தேய்வும் மிகும்.

என் வண்டியின் றேடியேற்றருக்குப் புதிய உட்பகுதி இடப்பட்டது. காய்ச்சி வடித்த நீரும் துருத்தடுப்புக் கலந்த குளிர்ப்பித் திரவமும் ஊற்றப்பட்டன. இத்திரவம் இனிப்பான நஞ்சு. சிறுவருக்கும் நாய்க்கும் எட்டாதபடி வைக்கவேண்டும். இவ்வளவிலேயே வண்டியின் கொதிப்பு பெரும்பாலும் தணிந்தது. எனினும் நெரிசலிலே நெடுநேரம் நிற்கும்போது மட்டும் வெப்பம் மெல்ல ஏறியது. அந்த மிச்சக் குறைக்கே மின்விசிறி மருந்தென்று பெரியவர் சொன்னார். "ஆனால் விசிறியை விட, அதற்குச் சாப்பாடு போடுவதுதான் பெரிய வேலை" என்றும் சொன்னார்.

அந்தச் சாப்பாடு மின்சாரம். இதனை விளக்க நம் அனுபவமொன்றே போதும். 1990களிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிகளும் இல்லை. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் தைனமோவைக்கொண்டு வானொலியிலே செய்தி கேட்டோம். சுழற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தியாளரின் குரலும் தளர்ந்துபோகும். முக்கியமான செய்தியின் நடுவிலே "சுற்று, சுற்று" என்று எல்லோரும் கூவுவோம். தைனமோவின் இயல்பு அதுவே: மெல்லச் சுழன்றால் மெலிந்த மின்சாரமே தரும்.

பழைய மொறிஸ் வண்டியிலும் தைனமோவே இருக்கின்றது. நன்றாகச் சுழலும்போது அது ஏறத்தாழ 22 அம்பியர் தரும். எஞ்சின் நின்ற இடத்தில் மெல்ல ஓடும்போது அநேகமாக ஒன்றுமே தராது. அப்போது முகப்பிலே சிவப்பு விளக்கு மினுங்குவது அதனாலேதான். இனிக் கணக்கைப் பாருங்கள். முன்விளக்குகளும் பின்விளக்குகளும் 10 அம்பியர் வரை கொள்ளும். எரிபற்றலுக்கு 3 அல்லது 4. மழைத்துடைப்பிக்கு 2 அல்லது 3. இவற்றோடு 10 அம்பியர் கொள்ளும் மின்விசிறியையும் சேர்த்தால், கணக்கு 22ஐத் தாண்டுகின்றது. தைனமோ ஒன்றும் தராத நெரிசலிலேதான் விசிறி சுழலவேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். குறைவை எல்லாம் பற்றரியே கொடுக்கவேண்டும். சில நாட்களில் பற்றரி தீர்ந்துபோகும். வார்ப்பட்டி விசிறியின் குறையையே நாம் வேறு வாசலால் வீட்டுக்குள் அழைத்ததாக முடியும்.

ஆகையால் முதலிலே தைனமோவை நீக்கி, ஒல்ரனேற்றர் என்னும் மின்பிறப்பாக்கியைப் பொருத்தினார். அது மெல்லச் சுழலும்போதும் பயன்தரும் அளவு மின்சாரம் தரவல்லது. இங்கே ஒரு பொறி உண்டு. இவ்வகைப் பழைய ஆங்கில வண்டிகளிலே பற்றரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய ஒல்ரனேற்றர்களோ எதிர்முனை உடலோடு இணைந்திருக்கவேண்டுமென எதிர்பார்ப்பவை. முனைகளை மாற்றாமற் பொருத்தினால், அதனுள்ளிருக்கும் டயோட்டுகள் கணப்பொழுதில் எரிந்துவிடும். ஆதலால் பற்றரியின் முனைகளை மாற்றி, எரிபற்றும் கொயிலின் இணைப்புகளையும் இடம்மாற்றிய பின்னரே ஒல்ரனேற்றரை இணைக்கவேண்டும்.

முனை மாறினால் விசிறியும் எதிர்த்திசையிற் சுழலும். எஞ்சின் பக்கத்திலே பொருத்திய விசிறி றேடியேற்றரின் ஊடாகக் காற்றை உள்ளிழுக்கவேண்டும், தள்ளலாகாது. இதனை அறிய ஒரு கடதாசித் துண்டு போதும். வண்டியின் முன்புறத்தால் அதனை றேடியேற்றரின் முகத்திலே பிடித்தால், அது ஒட்டிக்கொள்ளவேண்டும். பறந்து விழுந்தால் திசை பிழை.

அடுத்தது றிலே. விசிறி புறப்படும் கணத்திலே வழக்கத்தினும் இருமடங்கு மும்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதனைச் சிறு சுவிட்சும் மெல்லிய கம்பியும் தாங்கா. என் முதற் கம்பி உருகியது அதனாலேயே. பாடசாலையிலே நான் பெரிய படலையைத் திறக்க ஓடுவதில்லை. ஒரு துண்டு எழுதிக் காவலாளிக்கு அனுப்புகின்றேன், அவர் திறக்கின்றார். றிலே அந்தக் காவலாளி. சுவிட்சிலிருந்து சிறு மின்னோட்டம் செய்தி கொண்டுவர, பற்றரியிலிருந்து விசிறிக்குச் செல்லும் பெரிய மின்னோட்டத்தின் வழியை அது திறந்துவிடும். அந்த வழிக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பியும், பற்றரிக்கு அருகிலே 20 அம்பியர் பியூசும் இடப்பட்டன. பியூஸ் இல்லாத கம்பி தீப்பெட்டிக்கு ஒப்பானது.

செய்தி அனுப்பும் சுவிட்ச் மனிதன் கையில் இருக்கலாகாது, மனிதன் மறப்பான். நீரின் வெப்பத்தை உணரும் சுவிட்ச் றேடியேற்றரின் மேற்புறத்திலே பொருத்தப்பட்டது. என் வண்டியின் தேர்மோஸ்ராற் 82 பாகையிலே திறக்கத் தொடங்குகின்றது. விசிறி 90க்கும் 95க்கும் இடையிலே புறப்படவேண்டும். அதற்குக் கீழே புறப்பட்டால் ஓயாது ஓடிக்கொண்டேயிருக்கும். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினால் விசிறியும் நிற்கும்படி இணைப்புச் செய்யப்பட்டது. இல்லையேல் எஞ்சின் நின்றபின், மூடியைத் திறந்து வேலை செய்பவரின் விரலைத் திடீரென்று புறப்படும் விசிறி பதம் பார்த்துவிடும்.

விசிறியைப் பொருத்துவதிலும் முறை உண்டு. பிளாஸ்ரிக் நாண்களை றேடியேற்றரின் ஊடாகவே கோத்துக் கட்டுவார் உளர். அதிர்விலே அவை உராய்ந்து குழாயை அறுத்துவிடும். இரும்புச் சட்டத்திலே பொருத்துவதே முறை. விசிறியைச் சுற்றித் தகட்டுக் கூடு இட்டால், றேடியேற்றரின் மூலைகளிலிருந்தும் காற்று இழுக்கப்படும். பழைய விசிறி இலைகளைக் கழற்றும்போது, அவற்றைப் பிடித்திருந்த ஆணிகளே நீர்ப்பம்பியின் கப்பியையும் பிடித்திருக்கின்றன என்பதை மறக்கலாகாது. இலையின் தடிப்புக் குறைந்ததால், நீளம் பார்த்துக் குறுகிய ஆணிகளை இடவேண்டும். வார்ப்பட்டி ஒழிந்துபோகவில்லை, நீர்ப்பம்பியையும் ஒல்ரனேற்றரையும் அதுவே சுழற்றுகின்றது. மேலதிக வார்ப்பட்டி ஒன்றை எப்போதும் உடன் வைத்திருத்தல் நன்று.

இறுதியாக, முகப்பிலே இரண்டு சிறு பொருள்கள் பொருத்தப்பட்டன: வெப்பநிலை மானி ஒன்று, விசிறிக்கு மின்சாரம் செல்லும்போது எரியும் விளக்கு ஒன்று. பழைய விசிறி வார்ப்பட்டி அறுந்தாலன்றி நிற்காது. புதிய விசிறியோ கம்பி, பியூஸ், றிலே, சுவிட்ச், மோட்டர் என்ற ஐந்தில் எது பிழைத்தாலும் ஓசையின்றி நின்றுவிடும். ஓசையின்றி நிற்பதைக் கண்ணுக்குக் காட்ட மானியும் விளக்கும் வேண்டும்.

அப்படியாயின் எல்லோரும் மின்விசிறிக்கு மாறவேண்டுமா? வேண்டியதில்லை. வயலுக்கும் சந்தைக்கும் வெறுந்தெருவால் ஓடும் வண்டிக்கு, றேடியேற்றர் சுத்தமாக இருந்தால் பழைய விசிறியே போதும். மலையேற்றத்திற்கும் அது பழுதில்லை. தாழ்ந்த கியரிலே எஞ்சின் விரைந்து சுழல்வதால் விசிறியும் விரைந்தே சுழலும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை நினைத்து, பெற்றோல் மிச்சமாகும் என்றே மாற்ற விரும்புவோர் பேராசை கொள்ளலாகாது. மிச்சம் உண்டு, ஆனால் அது சிறிது. நகரத்து நெரிசலில் நாள்தோறும் ஊரும் வண்டிக்கு மட்டுமே இம்மாற்றம் உண்மையான பயன் தரும்.

சென்ற ஆண்டும் ஆச்சியை அதே வண்டியிலேயே ஆசுபத்திரிக்கு அழைத்துச் சென்றேன். கஸ்தூரியார் வீதியிலே நின்றோம். மானியின் முள் மெல்ல ஏறிற்று, சிறு விளக்கு எரிந்தது, விசிறி இரைந்தது, முள் இறங்கிற்று. ஆச்சி அந்த இரைச்சலை உற்றுக்கேட்டு, "இப்ப மூச்சு விடுது" என்றார்.

நேயர்களே, பழைய வண்டியைப் பேணுவோருக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. குறையின் மூலத்தைக் கண்டபின் மருந்தைத் தேடுங்கள். மருந்து புதியதாயின், அதற்கு வேண்டிய உணவு வீட்டில் உண்டோ என்று கணக்குப் பாருங்கள். வண்டியிலே ஏறியிருப்பவரின் உயிர் நம் அவசரத்தை நம்பியிராமல், நம் நிதானத்தை நம்பியிருக்கட்டும்.